காங்கோவில் மருத்துவ மிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபைக் கூடுகைகளிலும் மருத்துவ மாணவர்களின் ஜெபக் குழுக்களிலும் காங்கோவைப் பற்றிப் பேச்செடுத்தால், கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் பயன்படுமே என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் உண்டு. இங்கே பேசுவது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பற்றி. அதிலும் முக்கியமாக, சண்டை ஓயாத கிழக்கு மாகாணங்களான வடக்கு கிவு, தெற்கு கிவு, இதூரி பற்றி.

மருத்துவ மிஷன் என்றால் என்ன? பிரசங்கம் பண்ணப் போகிறவர்கள் கையோடு மாத்திரையும் கொடுப்பதா?

அப்படி ஒரு காலம் இருந்தது. இன்று காங்கோவில் மிஷன் ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு, ரத்தப் பரிசோதனைக் கூடம், பல இடங்களில் நர்சிங் பள்ளி என்று முழு அமைப்பாக இருக்கும். சுற்றியுள்ள கிராமங்களின் சிறு சுகாதார நிலையங்களையும் அதுவே கவனித்துக்கொள்ளும்.

நடத்துவது யார் என்பதைத்தான் நம்மில் பலர் தவறாக நினைத்திருக்கிறோம். புராட்டஸ்டன்ட் ஆஸ்பத்திரிகள் 'காங்கோ கிறிஸ்து சபை' என்ற கூட்டமைப்பில் சேர்ந்த உள்ளூர் சபைகளுக்குச் சொந்தம். கத்தோலிக்க மறைமாவட்டங்களுக்குத் தனி மருத்துவ அலுவலகங்கள் உண்டு. வெளிநாட்டு மிஷனரி ஓர் ஆஸ்பத்திரியில் ஒருவரோ இருவரோ இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். டாக்டர், நர்ஸ், மருந்தாளர், காவலாளி, சமையல்காரர் எல்லோரும் காங்கோக்காரர்கள். கீழே வரும் பல கேள்விகளுக்குப் பதில் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

அங்கே யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்? செய்தி படித்தால் தலை சுற்றுகிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தது. அதைச் செய்தவர்களில் பலரும், அவர்களோடு லட்சக்கணக்கான அகதிகளும் எல்லை தாண்டிக் கிழக்கு காங்கோவுக்குள் வந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு ருவாண்டா உள்ளே நுழைந்ததில் 1996-ல் முதல் போர். 1998-ல் தொடங்கிய இரண்டாவது போரில் ஆப்பிரிக்க நாடுகள் பல இறங்கின. 2003-ல் ஒப்பந்தம் வந்தது, ஆனால் கிழக்கில் ஆயுதக் குழுக்கள் கலையவில்லை. தங்கமும், செல்போன் பாகங்களுக்குப் பயன்படும் கோல்டான் என்ற கனிமமும் கிடைக்கும் மண் அது, நிலத் தகராறும் இனப் பகையும் வேறு.

இன்று அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று எம்23 என்ற ஆயுதக் குழு. இதற்குப் பின்னால் ருவாண்டா இருப்பதாக ஐ.நா. நிபுணர் குழு சொல்கிறது, ருவாண்டா மறுக்கிறது. 2025 ஜனவரி கடைசியில் கோமா நகரமும் பிப்ரவரியில் புக்காவு நகரமும் இந்தக் குழுவின் கைக்குப் போயின. இன்னொன்று, உகாண்டாவில் தோன்றி பேனி பகுதிக் காடுகளில் கிராமத்தார்களை வெட்டிக் கொல்லும் ஏ.டி.எஃப். இவை போக உள்ளூர்க் குழுக்கள் எத்தனையோ.

அரசாங்கம் ஒன்று இருக்குமே? சபை ஏன் ஆஸ்பத்திரி நடத்த வேண்டும்?

அரசாங்கம் இருக்கிறது, சபை ஆஸ்பத்திரிகள் அதன் திட்டத்துக்கு உள்ளேதான் இயங்குகின்றன. நாடு 500க்கும் மேற்பட்ட சுகாதார வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தலைமை ஆஸ்பத்திரி. பல வட்டங்களில் அந்தத் தலைமை ஆஸ்பத்திரியே சபையுடையதுதான். 1980களில் இந்த வட்ட முறையைக் கிராமங்கள் வரை கொண்டுபோனதில் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குப் பெரிய பங்குண்டு.

போரில் அரசு நிர்வாகம் ஓர் ஊரைவிட்டுப் போகும்போது சம்பளமும் மருந்து லாரியும் நின்றுவிடும். சபை மட்டும் அங்கேயே இருக்கும், அதன் உறுப்பினர்கள்தானே அந்த ஊர்?

அப்படியானால் வைத்தியம் இலவசமா?

பொதுவாக இல்லை. இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். நோயாளிகள் கட்டும் பணத்தில்தான் ஊழியர் சம்பளமும் ஜெனரேட்டர் டீசலும் ஓடுகின்றன. அரசு தரவேண்டிய சம்பளம் பலருக்கு ஒழுங்காக வருவதில்லை. போர்க் காயம், பாலியல் வன்முறை, கொள்ளைநோய் போன்றவற்றுக்கு வெளியிலிருந்து நிதி வந்தால் இலவசமாகச் செய்வார்கள்.

பில் கட்ட முடியாதவரை டிஸ்சார்ஜ் செய்யாமல் நிறுத்தி வைக்கும் வழக்கம் அந்த நாட்டில் உண்டு. சிசேரியன் முடிந்த தாய் குழந்தையோடு வாரக்கணக்கில் வார்டிலேயே காத்திருப்பாள். மிஷன் ஆஸ்பத்திரி என்ற பெயர்ப் பலகை மட்டும் இதைத் தடுத்துவிடாது. ஏழை நோயாளிகளுக்கென்று தனி நிதி இருந்தால்தான் தடுக்க முடியும். நன்கொடை கொடுக்க நினைக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பணக் கேள்வியில் மறுபடி வருகிறேன்.

வருகிறவர்கள் எல்லாம் குண்டடி பட்டவர்கள்தானா?

சண்டை நடக்கும் ஊரிலும் அதிகம் பேரைக் கொல்வது மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை, பிரசவச் சிக்கல் ஆகியவைதான். மக்கள் வயலை விட்டு ஓடி முகாமில் ஒதுங்கினால் சாப்பாடு குறையும், தண்ணீர் கெடும், காலரா வரும். தடுப்பூசி போட ஆள் வர முடியாது. ரேடியோவில் வரும் சாவு எண்ணிக்கையில் இந்தக் குழந்தைகள் சேர்வதில்லை.

குண்டுக் காயங்களும் வருகின்றன. கோமாவில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்குச் சொந்தமான ந்தோஷோ ஆஸ்பத்திரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறுவை சிகிச்சைக் குழு சேர்ந்து வேலை செய்கிறது. 2025 ஜனவரியில் நகரத்துக்குள் சண்டை வந்தபோது வார்டு நிரம்பி, நடைபாதையிலும் கூடாரத்திலும் ஆட்களைப் படுக்க வைத்தார்கள்.

துப்பாக்கிக் காயத்துக்கு அந்த வசதியில் என்ன செய்துவிட முடியும்? குண்டை எடுத்துத் தையல் போடுவதா?

நிறையச் செய்ய முடியும். ஆனால் தையல் உடனே போட மாட்டார்கள், குண்டை எடுப்பதும் பெரும்பாலும் அவசியமில்லை. வேகமாகப் போகும் குண்டு தொடையில் நுழையும் இடம் சின்னதாக இருக்கும், உள்ளே தசை கிழிந்து செத்திருக்கும். செத்த தசையில் கிருமி பெருகும். அதனால் முதல் ஆபரேஷனில் காயத்தை அகலத் திறந்து, கிள்ளினால் துடிக்காத, வெட்டினால் ரத்தம் கசியாத சதையை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, உப்புநீரால் நன்றாகக் கழுவி, பஞ்சும் துணியும் வைத்து மொத்தமாகக் கட்டி, திறந்தபடியே விடுவார்கள். நாலைந்து நாள் கழித்துத்தான் கட்டைப் பிரிப்பார்கள். உள்ளே சிவப்பாகச் சுத்தமாக இருந்தால் அப்போது தையல். முதல் நாளே மூடித் தைத்தால் உள்ளுக்குள் அழுகி, காலையே எடுக்கும்படி ஆகலாம். கூடவே டெட்டனஸ் ஊசி, பென்சிலின். மயக்கத்துக்குப் பெரும்பாலும் கெட்டமின், அது பொதுவாக மூச்சை நிறுத்தாது என்பதால் பெரிய கருவிகள் இல்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

இதில் எதற்கும் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படுவது பழகிய கையும், தினமும் கட்டைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் இளம் டாக்டரிடம் "வேண்டாம் டாக்டர், ஐந்தாம் நாள்தான்" என்று சொல்லத் தெரிந்த ஒரு மூத்த நர்ஸும்தான். அந்த நர்ஸை உருவாக்கப் பத்து, பதினைந்து வருஷம் ஆகும். ஆஸ்பத்திரி தாக்கப்படும்போது நாம் இழப்பது கட்டடத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

பான்சி ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நோபல் பரிசு வாங்கிய டாக்டருடையது. அது மிஷன் ஆஸ்பத்திரியா?

ஆமாம். புக்காவுவில் 1999-ல் டாக்டர் டெனிஸ் முக்வேகே தொடங்கியது, பெந்தெகொஸ்தே சபைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தது. ஆரம்பத்தில் ஸ்வீடன் மிஷன் உதவியது. முக்வேகே ஒரு போதகரின் மகன். நோயாளிகளுக்காக ஜெபிக்க அப்பா போகும்போது கூடவே போவார். 'அப்பா ஜெபிக்கிறார், மருந்து யார் கொடுப்பது?' என்ற கேள்விதான் அவரை டாக்டராக்கியது. முன்பு அவர் வேலை பார்த்த லெமேரா மிஷன் ஆஸ்பத்திரி 1996 அக்டோபரில் தாக்கப்பட்டு, நோயாளிகளும் நர்ஸுகளும் கொல்லப்பட்டார்கள்.

பான்சியைப் பிரசவ ஆஸ்பத்திரியாகத்தான் திட்டமிட்டார். வந்த முதல் நோயாளியோ பாலியல் வன்முறைக்கு ஆளாகிச் சுடப்பட்டிருந்த பெண். அதன்பின் பல்லாயிரம் பேர் வந்துவிட்டார்கள். உடல் சிகிச்சையோடு மன ஆறுதல், வழக்கு நடத்த உதவி, பிழைப்புக்கு ஒரு தொழில் என்று நாலும் சேர்ந்ததுதான் அவர்கள் முறை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சாலையில் சோதனைச் சாவடி வைத்து மறித்தால் அந்த மூன்று நாள் அங்கேயே போய்விடும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது முதலில் தட்டுப்பாடு வந்தவற்றில் இந்த மருந்துப் பொதிகளும் உண்டு.

2012 அக்டோபரில் முக்வேகே வீட்டுக்குள் ஆயுததாரிகள் புகுந்தார்கள். அவர் தப்பினார், அவருடைய காவலாளி இறந்தார். குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போனார். அவருடைய நோயாளிகளான பெண்கள் அன்னாசிப்பழமும் வெங்காயமும் விற்று, அவர் திரும்பி வர டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்தார்கள். 2013 ஜனவரியில் திரும்பினார். 2018-ல் ஈராக்கைச் சேர்ந்த யாசிதிப் பெண் நாதியா முராதோடு சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு பெற்றார்.

ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே. அதை யாரும் மதிப்பதில்லையா?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1864-ல் தொடங்கி 1949-ல் விரிவான ஜெனீவா ஒப்பந்தங்கள்படி ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், மருத்துவ ஊழியர், காயம்பட்டவர் யாரையும் தாக்கக் கூடாது. வார்டில் எதிரிப் படை வீரன் படுத்திருக்கிறான் என்பதும் காரணமாகாது. ஆஸ்பத்திரியைப் போர்த் தளமாகப் பயன்படுத்தினால் மட்டும் பாதுகாப்பு போகும், அதற்கும் முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும். 2016 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை இதை மறுபடி வலியுறுத்தி 2286 என்ற தீர்மானம் போட்டது.

நடப்பது வேறு. இதூரியில் நியாங்குண்டே என்ற ஊரில் பல மிஷன்கள் கூட்டாக நடத்திய பெரிய ஆஸ்பத்திரி 2002 செப்டம்பர் 5 அன்று தாக்கப்பட்டது. இனப் பகை. படுக்கையில் கிடந்த நோயாளிகளையே இனம் பார்த்துக் கொன்றார்கள். அந்தப் பகுதியில் பத்து நாளில் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 1200 பேர் என்று மனித உரிமை அமைப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. உயிர் தப்பிய ஊழியர்களும் நோயாளிகளும் காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து ஓய்ச்சா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிற்பாடு அந்த ஆஸ்பத்திரியை மறுபடி எழுப்பி நடத்துகிறார்கள்.

அதனால் சட்டத்தோடு கூடவே அன்றாட நடைமுறையும் வேண்டியிருக்கிறது. வாசலில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம், ஜெனரலாக இருந்தாலும். எந்தக் குழு ஊரைப் பிடித்தாலும் அதன் தளபதியைப் போய்ப் பார்த்து, "இங்கே எல்லோருக்கும் வைத்தியம் உண்டு, உங்கள் ஆட்களுக்கும் உண்டு" என்று சொல்லி வைப்பதும் மருத்துவக் கண்காணிப்பாளரின் வேலை.

அப்படியானால் கொலை செய்தவனுக்கும் வைத்தியமா? அவன் குணமாகிப் போய் மறுபடி சுடுவானே?

வைத்தியம் உண்டு. முந்தின பதிலில் சொன்ன பாதுகாப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு பக்கத்து ஆளைத் திருப்பி அனுப்பினால் அன்றே ஆஸ்பத்திரி இன்னொரு பக்கத்துடையதாகிவிடும்.

விசுவாசியாகப் பார்த்தாலும் பதில் மாறாது. நல்ல சமாரியன் கதையில் வழியில் கிடந்தவன் யார், நல்லவனா கெட்டவனா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தன் கிராமத்தை எரித்த குழுவைச் சேர்ந்தவனுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ் செய்வது, நாம் இங்கே உட்கார்ந்து மன்னிப்பைப் பற்றிப் பேசுவதுபோல் அல்ல. அப்படிப்பட்ட வேலையில் ஒரு நாள் "என்னால் முடியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள்" என்று அவர் சொன்னால், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது.

வைத்தியத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்கிறார்களே?

காங்கோ மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளில் காலை ஆராதனை உண்டு, வார்டுக்குப் போகும் சாப்ளின் (ஆஸ்பத்திரிப் போதகர்) உண்டு, கேட்கிறவர்களுக்கு ஜெபம் உண்டு. இஸ்லாமியர்களும் வருகிறார்கள், சாப்ளினை வேண்டாம் என்பவர்களுக்கும் அதே மருந்துதான்.

அதே சமயம், ஆபரேஷனுக்கு முன்னால் பயந்து படுத்திருப்பவரிடம் பேசும் எந்த வார்த்தைக்கும் அதிகாரம் கூடிவிடும். உதவியை மத நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் உதவி அமைப்புகளும் 1994-ல் சேர்ந்து எழுதிய நடத்தை நெறியில் இருக்கிறது. மிஷன்காரர்களுக்கும் அது நல்ல விதி என்பது என் கருத்து.

மிஷனே வெள்ளைக்கார ஆட்சியின் வால்தானே?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெல்ஜியம் ஆட்சியில் கல்வியும் மருத்துவமும் பெருமளவு மிஷன்கள் கையில் இருந்தன. அந்த ஆட்சி காங்கோக்காரர்களை உதவியாளர்களாகப் பயிற்றுவித்ததே தவிர டாக்டராக்கவில்லை. 1960 ஜூன் 30 அன்று நாடு சுதந்திரம் பெற்றபோது பட்டம் பெற்ற காங்கோ டாக்டர் ஒருவர்கூட இல்லை. பெல்ஜியம் டாக்டர்கள் கிளம்பியதும் ஆஸ்பத்திரிகள் காலியாயின. இதில் மிஷன்களுக்கும் பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1885 முதல் 1908 வரை மன்னர் லியோபோல்டின் தனிச்சொத்தாக இருந்த காலத்தில், ரப்பருக்காக நடந்த கொடுமைகளை உலகுக்குக் காட்டியவர்களில் மிஷனரிகள் முக்கியமானவர்கள். ஆலிஸ் ஹாரிஸ் எடுத்த புகைப்படங்கள் ஐரோப்பாவை உலுக்கின. கறுப்பின அமெரிக்க மிஷனரி வில்லியம் ஷெப்பர்ட் எழுதியதற்காக ரப்பர் கம்பெனி அவர் மேல் வழக்கே போட்டது, 1909-ல் விடுதலையானார். இரண்டும் வரலாறுதான், ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது.

மிஷனரி டாக்டர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்களா?

கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதிகம் அறியப்பட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பால் கார்ல்சன். 1961-ல் குறுகிய காலத்துக்கு வந்தவர், பிறகு குடும்பத்தோடு வந்து வடக்கே வசோலோவில் வேலை பார்த்தார். 1964-ல் அரசுக்கு எதிராக எழுந்த சிம்பா கிளர்ச்சியில் பிடிபட்டார். உளவாளி என்று பொய்க் குற்றம் சாட்டினார்கள். நவம்பர் 24 அன்று பெல்ஜியம் பாராசூட் படை ஸ்டான்லிவில்லில் (இன்றைய கிசங்கானி) இறங்கிய காலையில், ஒரு சுவரைத் தாண்ட முயன்றபோது சுடப்பட்டார்.

அதே கிளர்ச்சியில் பிரிட்டிஷ் டாக்டர் ஹெலன் ரோஸ்வேர் ஐந்து மாதம் பிடிபட்டிருந்தார். அடியும் பாலியல் வன்முறையும் அனுபவித்தார், பிற்பாடு அதைத் தானே வெளிப்படையாகப் பேசினார். 1966-ல் திரும்பி வந்து, மேலே சொன்ன நியாங்குண்டேயில் 1973 வரை மருத்துவ ஊழியர்களைப் பயிற்றுவித்தார்.

இவர்கள் பெயரை நாம் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். லெமேராவிலும் நியாங்குண்டேயிலும் செத்த காங்கோ நர்ஸுகளின் பெயர் எந்த ஞாயிறு பள்ளிப் பாடத்திலும் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

சண்டை வந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறிவிடுகிறார்களாமே? அது சரியா?

பல சமயம் ஏறுகிறார்கள், பல சமயம் ஏறத்தான் வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் இருப்பதே ஆஸ்பத்திரியைக் கடத்தல்காரர் கண்ணில் பட வைக்கலாம். பல மிஷன் அமைப்புகள் பிணைப்பணம் கொடுப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கின்றன, கொடுத்தால் அடுத்தவருக்கு விலை போட்டது போலாகும் என்பதால். எப்போது வெளியேறுவது என்ற முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார்கள்: எந்தச் சாலை அடைபட்டால், எந்த ஊர் விழுந்தால், யார் முதலில் என்று. மிஷன் விமான சேவையின் சிறு விமானங்கள் மண் ஓடுதளங்களில் இறங்கி ஏற்றிக்கொண்டு போகும்.

என் வருத்தம் வேறு. அந்த விமானத்தில் உள்ளூர் நர்ஸுக்கு இடம் இருப்பதில்லை. வெளியேறும் திட்டத்தில் உள்ளூர் ஊழியர்களின் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு, மூன்று மாதச் சம்பளம் முன்பணமாகக் கையில் கொடுக்கப்படுகிறதா, சாவியும் பணப் பெட்டியும் முடிவெடுக்கும் அதிகாரமும் யாரிடம் போகிறது? ஒரு மிஷன் அமைப்பை எடைபோட வேண்டுமானால் இதைக் கேளுங்கள்.

எபோலா வந்தபோது மக்களே சிகிச்சை மையத்தைக் கொளுத்தினார்களாம். உதவ வந்தவர்களை ஏன் அடிக்க வேண்டும்?

2018 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை வடக்கு கிவுவிலும் இதூரியிலும் பரவிய எபோலாவில் 3470 பேருக்கு நோய் கண்டு, 2287 பேர் இறந்தார்கள். தடுப்பூசி இருந்தது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். இருந்தும் பூட்டெம்போவிலும் கட்வாவிலும் சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் டாக்டர் ரிச்சர்ட் மூசோகோ பூட்டெம்போவில் ஆஸ்பத்திரியிலேயே கொல்லப்பட்டார்.

அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். பல வருஷமாக ஆட்கள் வெட்டிக் கொல்லப்பட்டபோது யாரும் வரவில்லை. எபோலா என்றதும் வெள்ளை ஜீப்புகள் வரிசையாக, கூடவே போலீஸ். எபோலாவைக் காரணம் காட்டி பேனி, பூட்டெம்போ மக்களுக்கு 2018 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பும் இல்லாமல் போனது. செத்தவரைத் தொட்டு அழக்கூட விடவில்லை. இது வியாதியா, வியாபாரமா என்று சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஊரில் பல வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் போதகரும் சொன்னால் கேட்டார்கள். முதலிலேயே அவர்களை முன்னால் விட்டிருக்க வேண்டும்.

நான் நர்ஸ். லீவு போட்டு இரண்டு வாரம் போய் உதவலாமா?

கிழக்கு காங்கோவுக்கு வேண்டாம். வருகிறவரைக் காப்பாற்றுவதே அவர்களுக்குத் தனி வேலையாகிவிடும். பிரெஞ்சும் சுவாஹிலியும் தெரியாமல் வார்டில் ஒரு நோயாளியிடம் எங்கே வலி என்று கேட்கக்கூட முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஃபிஸ்டுலா (பிரசவத்திலோ வன்முறையிலோ ஏற்படும் உள்கிழிசல்) அறுவை, மயக்க மருந்து, இயந்திரப் பழுது போல ஒரு தனித் திறமை உங்களுக்கு இருந்து, உள்ளூர் ஆஸ்பத்திரியே அழைத்து, அதே இடத்துக்கு வருஷா வருஷம் போய்க் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் யோசிக்கலாம்.

நீண்ட காலத்துக்குப் போக அழைப்பு இருப்பதாக உணர்கிறேன். என்ன தயார் செய்ய வேண்டும்?

மொழியில் ஆரம்பியுங்கள், பிரெஞ்சுக்கே ஒரு வருஷம் ஒதுக்குங்கள். டாக்டரானால் அந்நாட்டு மருத்துவர் பேரவையில் பதிவு வேண்டும். சிசேரியன், எலும்பு முறிவு, குழந்தை மருத்துவம் மூன்றும் கையில் பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே "இது என் துறை இல்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று இல்லாமல் நாட்டுக்குள் விட மாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி, உயில், குடும்பத்தோடு ஒளிவுமறைவில்லாத பேச்சு, இவையும் வேண்டும். வீட்டில் ஒருவர் மனமில்லாமல் சம்மதித்தால் அது சம்மதமில்லை.

அப்புறம், உங்களுக்குப் பின் அந்த வேலையை யார் செய்வார் என்பதை முதல் வருஷமே யோசியுங்கள். பயிற்சி கொடுக்காமல் இருபது வருஷம் ஆபரேஷன் செய்தவர் கிளம்பிய மறுநாள் தியேட்டர் பூட்டிக் கிடக்கும்.

பணம் அனுப்பினால் போய்ச் சேருமா? மருந்தாகவே அனுப்பலாமா?

ஆஸ்பத்திரியை நடத்தும் சபையோடு பல வருஷத் தொடர்புள்ள, தணிக்கைக் கணக்கு காட்டுகிற அமைப்பு வழியாக அனுப்பினால் சேரும். கட்டடத்துக்குக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் விருப்பம், கல்வெட்டில் பெயர் வரும். சம்பளத்துக்கும் டீசலுக்கும் ஏழை நோயாளி நிதிக்கும் கொடுக்க ஆள் குறைவு. மேலே இலவச வைத்தியம் பற்றிச் சொன்னதை ஒரு தடவை திரும்பப் படியுங்கள். நர்சிங் மாணவி ஒருத்திக்குப் படிப்புச் செலவு கொடுப்பது இன்னும் நல்லது.

மருந்து அனுப்பாதீர்கள். வீட்டில் மிச்சமானதும் டாக்டர்களுக்கு வரும் சாம்பிளும் அங்கே சுமைதான். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சுங்கத்தில் கிடக்கும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு ஜெபித்தும் ஆஸ்பத்திரி எரிகிறதே. கடவுள் ஏன் விடுகிறார்?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும், பிள்ளையை இழந்தவரிடம் சொல்லாதீர்கள். வேதத்தில் புலம்பல் ஜெபங்கள் ஏராளமாக இருக்கின்றன, கோபத்தோடு கேட்கிற ஜெபங்களும் இருக்கின்றன. காங்கோ சபைகள் அவற்றைப் பாடவும் செய்கின்றன, மறுநாள் காலை வார்டைத் திறக்கவும் செய்கின்றன. நான் ஜெபிக்கும்போது அவர்களோடு சேர்ந்து கேட்கிறேன், அவர்களுக்கு விளக்கம் சொல்லப் போவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படங்களையும் செய்திகளையும் எங்கள் குழுவில் பகிரலாமா? ஜெபிக்க உதவுமே.

கவனமாக இருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் முகம், வார்டில் படுத்திருக்கும் வீரனின் முகம், குழந்தைகளின் பெயர், இவை எதையும் அனுப்பாதீர்கள். "இன்ன ஊரில் இன்ன குழு இப்படிச் செய்தது என்று நம் டாக்டர் சொன்னார்" என்று ஒரு வரி எழுதினால், அந்தக் குழுவின் கையில் ஊர் இருக்கும்போது அந்த டாக்டர் கதி என்னவாகும் என்று யோசியுங்கள். செய்தி எந்த நாட்டுக்கும் அரை நிமிஷத்தில் போய்விடும். வாகனம் கிளம்பும் நாளும் மருந்து வரும் வழியும் கண்டிப்பாக வேண்டாம்.

ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, ஒரு மாதம் தள்ளி, அந்த ஆஸ்பத்திரியில் பொறுப்பாக இருப்பவரின் அனுமதியோடு பகிருங்கள். அனுமதி வரவில்லை என்றால் பகிர வேண்டாம். ஜெபிக்க இந்தப் பக்கத்தில் இருப்பதே போதும்.